வாசகர் கேள்விகள்: சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை

கேள்வி: அமெரிக்காவில் மனநோயாளிகளுக்கென்றே தனி நீதிமன்றங்கள் இருப்பதாக அறிந்தேன். குற்றம் செய்தவருக்கு மருத்துவம் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? அப்படியானால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன நியாயம்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: வழக்கை அப்படியே கைவிட்டுவிடுவதில்லை, அம்மா. குற்றம் சாட்டப்பட்டவர் தாமாகச் சம்மதித்தால், வழக்கை நிலுவையில் வைத்துக்கொண்டு, மருத்துவரும் சமூகப் பணியாளரும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் கூடி அவருக்கென ஒரு சிகிச்சைத் திட்டத்தை வகுக்கிறார்கள். மருந்து, ஆலோசனை, தங்குமிடம், போதைப் பழக்கம் இருந்தால் அதற்கான மருத்துவம் எல்லாம் அதில் அடங்கும். குறித்த நாள்களில் அவர் நீதிபதியின் முன் வந்து, தாம் எப்படி இருக்கிறார் என்பதைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். திட்டத்தை முடித்தால் குற்றச்சாட்டு நீங்கலாம் அல்லது குறையலாம். மீறிக்கொண்டே இருந்தால் வழக்கு பழைய பாதைக்குத் திரும்பும்.

இவ்வகை நீதிமன்றங்களில் முதலாவதாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது, 1997ஆம் ஆண்டு ஃபுளோரிடா மாநிலத்தின் பிரவார்ட் மாவட்டத்தில் ஜிஞ்சர் லெர்னர்-ரென் என்ற நீதிபதியின் தலைமையில் தொடங்கியது. முழுநேர நீதிமன்றமாகக்கூட இல்லாமல் எளிய முறையில் தொடங்கிய அது, சிறு குற்றங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அங்கே விடை இருக்கிறது: ஒருவரைத் தாக்கிய வழக்காக இருந்தால், அடிபட்டவர் ஒப்புக்கொண்டால்தான் அது இந்த நீதிமன்றத்துக்கு வர முடியும், குடும்ப வன்முறை வழக்குகளுக்கு அங்கே இடமில்லை.

இப்படி ஒரு நீதிமன்றம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய அந்நாட்டின் மனநல மருத்துவமனைகளின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1955இல் அங்குள்ள அரசு மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,58,000 நோயாளிகள் இருந்தனர். புதிய மருந்துகள் வந்ததும், அந்த விடுதிகளின் அவல நிலை வெளியானதும், அவற்றைப் படிப்படியாகக் காலி செய்தார்கள். 1963இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டம், அவரவர் ஊரிலேயே மனநல மையங்கள் அமைப்பதாக உறுதி கூறியது. நோயாளிகள் வெளியே வந்தார்கள். திட்டமிட்ட மையங்களில் பல கட்டப்படவேயில்லை. வீடில்லாமல், மருந்தில்லாமல், கடை வாசலில் படுத்ததற்காகவும் ரொட்டி ஒன்றை எடுத்ததற்காகவும் கைதாகி, சிறையில் நோய் முற்றி, வெளியே வந்து சில வாரங்களில் மீண்டும் கைதாகும் மனிதர்களைத்தான் நீதிபதிகள் தினந்தோறும் பார்க்க நேர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ நகரங்களின் சிறைகளை நாட்டின் மிகப் பெரிய மனநல விடுதிகள் என்றே சொல்லும் நிலை வந்தது. எனக்கு இது தாங்க முடியாத செய்தி.

கேள்வி: மனநோய் காரணமாகக் குற்றம் செய்தவருக்குச் சட்டத்தில் ஏற்கெனவே விலக்கு உண்டு. தனி நீதிமன்றம் எதற்கு?
— சட்டக் கல்லூரி மாணவர், சேலம்

பதில்: அந்த விலக்கு மிகக் குறுகியது. தாம் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய இயலாத நிலையில் ஒருவர் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். நம் நாட்டில் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவிலும், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவிலும் உள்ளதும் இதுவே. மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ உள்ள பெரும்பாலோர், தாம் செய்வதை அறிந்தே செய்பவர்கள். நோய் அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியிருக்கும். விலக்குக்கும் சிறைக்கும் இடையே விடுபட்டுப்போன அவர்களுக்காகவே இந்த ஏற்பாடு.

கேள்வி: சிறையைக் காட்டிக் கேட்டுப் பெறும் சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: ஐயா, இந்த நீதிமன்றங்களை ஆதரிப்பவர்கள் கூடத் தட்டிக்கழிக்க முடியாத கேள்வி இது. ஊருக்கு ஊர் நடைமுறை வேறுபடுகிறது. பிரவார்டில், பொதுவாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சிகிச்சையில் சேரலாம். 2002இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய நீதிமன்றம் கடுமையான குற்றங்களையும் ஏற்கிறது; ஆனால் முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், ஓர் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகள் வரை கண்காணிப்பில் இருக்க வேண்டும். நீதிபதி மேத்யூ டெமிக் அங்கே ஒவ்வொருவரிடமும் நேராகப் பேசுவதையும், ஒரு கட்டத்தைக் கடந்தவருக்குச் சான்றிதழ் தந்து நீதிமன்றமே கைதட்டுவதையும் பலர் எழுதியிருக்கிறார்கள். சிறையிலேயே பல காலம் கழித்த ஒருவருக்கு அந்தக் கைதட்டல் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆயினும், சில வாரச் சிறையோடு முடிந்திருக்கக்கூடிய ஒரு சிறு திருட்டுக்காக ஒருவர் ஓர் ஆண்டுக்கு மேல் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் இருக்க நேர்ந்தால், அதைச் சலுகை என்று மட்டும் சொல்வது முறையல்ல. நோயின் பிடியில் இருப்பவர் முதல் நாளே தலையசைத்தால் போதாது; தம் வழக்கறிஞருடன் தனியே பேசி, தெளிந்த பிறகு முடிவெடுக்கவும், வேண்டாமென்றால் தண்டனை கூடாமல் விலகவும் வழி இருக்க வேண்டும். சிறு குற்றங்களுக்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நிபந்தனையே கூடாது என்பது என் கருத்து. அந்த ஒப்புதல் பதிவேட்டில் நின்றுவிட்டால், நலமான பிறகும் வேலையும் வாடகை வீடும் கிடைப்பது அரிதாகும்.

கேள்வி: உண்மையில் பலன் இருக்கிறதா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ, சாண்டா கிளாரா, மினியாபொலிஸ், இண்டியானாபொலிஸ் ஆகிய நான்கு இடங்களின் நீதிமன்றங்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, இவற்றின் வழியே சென்றவர்கள், வழக்கமான பாதையில் சென்ற ஒத்த நிலையினரைவிடக் குறைவாகவே மீண்டும் கைதானார்கள், சிறையிலும் குறைந்த நாள்களே இருந்தார்கள் என்று கண்டது. செலவு மட்டும் குறையவில்லை. முறையான மருத்துவத்துக்குப் பணம் வேண்டும். இன்று அந்நாட்டில் இத்தகைய நீதிமன்றங்கள் 300க்கும் மேல் உள்ளன.

என்னை உறுத்துவது வேறொன்று. ஊரில் மருத்துவ இடங்கள் சிலவே இருக்கும்போது, நீதிமன்றம் அனுப்பியவருக்கு முன்னுரிமை கிடைத்தால், எந்தக் குற்றமும் செய்யாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் நோயாளி பின்னுக்குத் தள்ளப்படுகிறார். ஆகவே கைதுக்கு முன்பே தொடங்கும் முயற்சிகளை நான் இன்னும் மேலாக மதிக்கிறேன். 1988இல் மெம்ஃபிஸ் நகரக் காவல்துறையினர் சிலருக்கு 40 மணி நேரப் பயிற்சி தந்தார்கள். மனநோயின் பிடியில் கத்திக்கொண்டிருப்பவரிடம் தாழ்ந்த குரலில் பேசி, காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகாமல் நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அவர்கள் கற்றார்கள். பிற்பாடு பல நகரங்கள் அந்த முறையை ஏற்றன. மருத்துவமனையும் அவரை உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு அதில் முக்கியமானது. அந்த ஏற்பாடு இல்லாத ஊர்களில் காவலர் எவ்வளவு பரிவோடு நடந்தாலும், இரவு முழுதும் வண்டியிலேயே காத்திருந்துவிட்டு, கடைசியில் சிறைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.