ஜப்பானின் புட்டோ நடனம் ஹிரோஷிமா குண்டுவீச்சிலிருந்து பிறந்ததா?

வெள்ளைப் பூச்சு, மழித்த தலை, முறுக்கிய உடல் என்று மேடையில் பார்த்தால் அணுகுண்டு நினைவுக்கு வருவது இயல்புதான். போரில் தோற்ற நாட்டின் கலை என்பதும் உண்மை. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதை விட்டுப்போகும்.

இதைத் தொடங்கிய தட்சுமி ஹிஜிகாட்டா 1928-இல் அகிதாவில் பிறந்தவர். ஹிரோஷிமாவிலிருந்து வெகு தூரம்; வடக்கே, பனியும் வறுமையும் மிகுந்த நெல் விளையும் பகுதி. நடவுக் காலத்தில் பிள்ளைகளை வைக்கோல் கூடையில் அசையாதபடி உட்காரவைத்துவிட்டுப் பெரியவர்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் வெளியே எடுத்தால் கால் மரத்து, நிற்கவே வராது. இதை ஹிஜிகாட்டாவே பின்னாளில் ஓர் உரையில் சொல்லியிருக்கிறார். புட்டோவின் வளைந்த காலுக்கும் தாழ்ந்த இடுப்புக்கும் மூலம் கேட்டால், நான் முதலில் இந்தக் கூடையைத்தான் சொல்வேன்.

அதற்காகக் கலப்பில்லாத ஜப்பானிய மண் கலை என்றும் நினைத்துவிட வேண்டாம். ஹிஜிகாட்டாவின் கூட்டாளி கசுவோ ஓனோவுக்குக் கற்பித்த தகாயா எகுச்சி, ஜெர்மனியில் நவீன நடனக் கலைஞர் மேரி விக்மனிடம் பயின்றவர். ஹிஜிகாட்டாவோ பிரெஞ்சு எழுத்தாளர் ஜெனேயின் தீவிர வாசகர்.

முதல் படைப்பு 1959 மே மாதம் டோக்கியோவில் அரங்கேறிய 'கின்ஜிகி'. தலைப்பு ஜப்பானிய எழுத்தாளர் மிஷிமாவின் நாவலிலிருந்து எடுத்தது. ஓனோவின் இளவயது மகன் யோஷிதோ ஒரு கோழியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கினார். ஆண்களுக்கு இடையிலான காமம் வெளிப்படையாக வந்தது. நடன உலகம் கொதித்தது, ஹிஜிகாட்டா நடனக் கலைஞர் சங்கத்தை விட்டே வெளியேறினார். அடுத்த வருடமே அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து டோக்கியோ தெருக்கள் நிரம்பின. அந்தக் காலத்துக் கோபத்தைச் சேர்க்காமல் புட்டோவைப் பேச முடியாது.

போர் நேரடியாகத் தொட்டது ஓனோவைத்தான். சீனாவிலும் நியூ கினியிலும் படையில் இருந்து, கைதியாகித் திரும்பியவர். ஆனாலும் 1977-இல், எழுபது வயதைத் தாண்டி, அவர் ஆடிய பெரிய படைப்பு போரைப் பற்றியதல்ல; 1929-இல் தான் பார்த்து மயங்கிய ஸ்பானிய நடனக்காரி லா அர்ஜென்டினாவுக்கான காணிக்கை. நெறியாள்கை ஹிஜிகாட்டா. 1980-இல் பிரான்சின் நான்சி விழாவில் ஓனோ ஆடிய பிறகு ஐரோப்பா புட்டோவைப் பரவலாகக் கவனித்தது. அங்கே பலரும் தங்களுக்குத் தெரிந்த ஹிரோஷிமாவை வைத்தே அதைப் படித்தார்கள்.

முதன்முறை பார்ப்பதாக இருந்தால் சங்காய் ஜுகு என்ற புட்டோ குழுவின் பளபளப்பான மேடையமைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஓனோவின் பழைய ஒளிப்பதிவுகளிலிருந்து தொடங்குங்கள்.