ஆட்டோ கட்டணமும் ஒரு நேர்கோடுதான்: கேள்வி பதில்

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ள எனக்குக் காலண்டர் வேண்டாம். "சாய்வு புரியலை டீச்சர்" என்று கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த வாரம் வந்தவற்றில் சில.

2எக்ஸ் + 3ஒய் = 12 என்ற கோட்டை வரைய எக்ஸுக்கு 1, 2 என்று போட்டேன் டீச்சர். எல்லாம் பின்னமாக வருகிறது. புள்ளி வைக்கவே முடியவில்லை.

1, 2 என்றுதான் போட வேண்டும் என்று யார் சொன்னது கண்ணா? எந்த எண் போடுவது என்பது உன் விருப்பம். முதலில் ஒய்யைத் தனியாக்கு: ஒய் = −(2/3)எக்ஸ் + 4. கீழே 3 இருக்கிறதல்லவா, அதனால் 3-இன் மடங்காகவே போடு. −3 போட்டால் 6, 0 போட்டால் 4, 3 போட்டால் 2, 6 போட்டால் 0. பின்னத்துக்கு வேலையே இல்லை. கோடு போட இரண்டு புள்ளி போதும்தான், ஆனாலும் மூன்றாவதாக ஒன்று காவலுக்கு இருக்கட்டும். மூன்றும் ஒரே ஸ்கேலில் ஒட்டவில்லையென்றால் எங்கோ ஒரு கழித்தல் குறியைத் தின்றுவிட்டாய் என்று அர்த்தம்.

என் பையன் 'ஒய் = எம்எக்ஸ் + சி' என்று தூக்கத்தில்கூடச் சொல்வான். எம் எது, சி எது என்றால் முழிக்கிறான். எப்படி விளக்குவது மேடம்?

அவனை ஆட்டோவில் ஏற்றுங்கள். சென்னைக்கு 2013-இல் அரசு அறிவித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (மீட்டர் போட்டு ஓட்டியது எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள். கணக்குக்கு இது நல்ல கணக்கு.) தூரம் எக்ஸ், கட்டணம் ஒய். 1.8 வரை கோடு படுத்தே இருக்கும். அதற்குப் பிறகு ஏறத் தொடங்கும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ஏறுகிறதே, அந்த 12தான் எம், அதாவது சாய்வு.

சி எங்கே? 25 என்பான் பையன். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். கட்டணத்தை எழுதிப் பாருங்கள்: ஒய் = 25 + 12(எக்ஸ் − 1.8). பிரித்தால் ஒய் = 12எக்ஸ் + 3.4. ஆக, சி என்பது 3.4. ஏறுகிற கோட்டை ஸ்கேல் வைத்துப் பின்னால் இழுத்தால் ஒய் அச்சை 3.4-இல் வெட்டும். எந்த ஆட்டோவிலும் யாரும் 3 ரூபாய் 40 காசு கொடுத்து இறங்கியதில்லை, ஆனாலும் அந்தக் கோட்டின் வெட்டுத்துண்டு அதுதான். 5 கிலோமீட்டருக்கு இரண்டு வழியிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 63.40 வரும். இதை ஒருமுறை தானே வரைந்துவிட்டால் அப்புறம் முழிக்க மாட்டான்.

(−2, 5), (4, −7) வழியாகப் போகும் கோட்டின் சமன்பாடு? எனக்குச் சாய்வு 2 என்று வருகிறது.

மேலே ஒய்களின் வித்தியாசம்: −7 − 5 = −12. கீழே எக்ஸ்களின் வித்தியாசம்: 4 − (−2) = 6. சாய்வு −2. நீ மேலே ஒரு வரிசையிலும் கீழே வேறு வரிசையிலும் கழித்திருப்பாய். எந்தப் புள்ளியில் தொடங்கினாலும் சரி, மேலும் கீழும் ஒரே புள்ளியில் தொடங்கு. பிறகு ஒய் − 5 = −2(எக்ஸ் + 2), அதாவது ஒய் = −2எக்ஸ் + 1. பேனாவை வைப்பதற்கு முன் இன்னொரு புள்ளியைப் போட்டுப் பார்: −8 + 1 = −7. சரி.

எக்ஸ் = 3 கோடு ஏன் செங்குத்தாக நிற்கிறது?

ஒய் என்னவாக இருந்தாலும் எக்ஸ் 3-ஐ விட்டு நகராது என்பதால். (3, 0), (3, 1), (3, 2) என்று வைத்துக்கொண்டே போ, தானாக நிமிர்ந்து நிற்கும். இதற்குச் சாய்வு பூஜ்ஜியம் இல்லை, வரையறுக்கப்படவில்லை. பூஜ்ஜியம் என்பது படுத்திருக்கும் கோட்டுக்கு.

ஒய் = 2எக்ஸ், ஒய் = −(1/2)எக்ஸ் இரண்டையும் வரைந்தேன். சாய்வுகளைப் பெருக்கினால் −1 வருகிறது, அப்படியென்றால் செங்கோணத்தில் வெட்ட வேண்டும்தானே, தாளில் 90 டிகிரி வரவில்லையே டீச்சர்?

இந்த வாரத்தின் நல்ல கேள்வி. தாளை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். எக்ஸ் அச்சில் 1 செமீ = 1 அலகு, ஒய் அச்சில் 1 செமீ = 5 அலகு என்று எடுத்திருக்கிறாள். 2 அலகு ஏற வேண்டிய கோடு தாளில் 0.4 செமீதான் ஏறும். மற்றது 0.1 செமீதான் இறங்கும். இரண்டுமே கிட்டத்தட்டப் படுத்துவிடும், நடுவில் 30 டிகிரிகூட இருக்காது. கணக்கு தப்பில்லை, தாளைத்தான் அமுக்கிவிட்டாள். செங்கோணம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் இரண்டு அச்சிலும் ஒரே அளவுத்திட்டம் எடு.

சமன்பாட்டைக் கோடாக வரைகிற இதையெல்லாம் கண்டுபிடித்தது பிரெஞ்சுக் கணித மேதை டெக்கார்ட்டா?

அவர் புத்தகம் 1637-இல் வந்தது, பெயரும் அவருக்கே நின்றுவிட்டது. ஆனால் அதே காலத்தில் இரண்டு மாறிகள் உள்ள முதல்படிச் சமன்பாடு நேர்கோட்டைத்தான் தரும் என்று எழுதி வைத்தவர் இன்னொரு பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா. அது அச்சேறியது அவர் இறந்த பிறகு, 1679-இல்.

அளவுத்திட்டம் எழுதாவிட்டால் மார்க் போகுமா?

போகும். தாளின் மூலையில் அதை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் பென்சிலைச் சீவு.