பனிப்புயல் வருமுன் பண்ணை வீடு: கேள்வி பதில்

கேள்வி: கடுங்குளிரில் தண்ணீர்க் குழாய் வெடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். ஆனால் உறைந்த இடத்திலேயேதான் குழாய் பிளக்கும் என்றில்லை. பனிக்கட்டி அடைப்புக்கும் மூடிய குழாய் முனைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர், போக வழியின்றி அழுத்தம் ஏறி, பலவீனமான மூட்டைப் பிளந்துவிடும். குழாயை லேசாகத் திறந்து சொட்டவிடச் சொல்வது அதனால்தான். கிணற்று மோட்டாரை நம்பியிருக்கும் வீட்டில், கரண்ட் போனால் சொட்டும் நின்றுவிடும். வீடு குளிரத் தொடங்கியதும் மோட்டாரை அணைத்து, மெயின் வால்வை மூடி, ஆக மேலே உள்ள குழாயையும் ஆகக் கீழே உள்ளதையும் திறந்து முழுக்க வடித்துவிடுங்கள். மேலே திறக்க மறந்தால் காற்று புகாது. தண்ணீர் பாதியில் நிற்கும். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது முன்பே பிடித்து வையுங்கள். மாடுகளுக்குத் தனியாக.

கேள்வி: ஜெனரேட்டரை கார் ஷெட்டில் வைத்து, கதவைத் திறந்து வைத்தால் போதுமா?

போதாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை சன்னல் பக்கம் வராதபடி வைக்க வேண்டும். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் குளிரில் உறைந்தபோது, ஷெட்டுக்குள் காரை ஓடவிட்டும் வீட்டுக்குள் கரி மூட்டியும் குளிர்காய்ந்தவர்கள் இறந்திருக்கிறார்கள்.

கேள்வி: வராந்தாவில் வைக்கலாமா? அங்கே பனி படாது.

கூடாது. வராந்தா வீட்டை ஒட்டியதுதானே. 6 மீட்டர்.

கேள்வி: மாட்டுக் கொட்டகையைத் தார்ப்பாய் போட்டு இடுக்கில்லாமல் மூடிவிடட்டுமா?

காற்று அடிக்கும் பக்கத்தை மூடுங்கள். கூரை உச்சியையும் விளிம்பையும் மூடாதீர்கள். மாட்டின் மூச்சும் மூத்திரமும் உள்ளே ஈரத்தையும் அம்மோனியாவையும் நிரப்பும். புயல் ஓய்ந்தபின் வரும் சளியும் நிமோனியாவும் அங்கிருந்துதான். குளிர்கால ரோமம் அடர்ந்து உலர்ந்திருந்தால் வளர்ந்த மாடு ஏறக்குறைய மைனஸ் 8 டிகிரி வரை சிரமமில்லாமல் தாங்கும். அதே ரோமம் நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே உடல் சூட்டைக் காக்கப் போராடும்.

கேள்வி: ஐயா, இதை ஏற்க முடியவில்லை. நாங்கள் எப்போதும் முழுக்க மூடித்தான் வைக்கிறோம். உள்ளே கதகதப்பாக இருக்கிறது, மாடும் நடுங்குவதில்லை.

அந்தக் கதகதப்புக்குத்தான் நான் பயப்படச் சொல்கிறேன். விடியற்காலையில் உள்ளே போய்க் கூரைத் தகட்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கை நனைந்தால், அந்த நீர் மாட்டின் முதுகில்தான் சொட்டப்போகிறது. குனிந்து படுக்கை மட்டத்தில் மூச்சிழுங்கள். கண் எரிந்தால் மாடு இரவெல்லாம் அதைத்தான் சுவாசித்திருக்கிறது. சூடு வேண்டுமென்றால் உலர்புல்லைக் கூடுதலாகப் போடுங்கள். அது செரிக்கும்போது வயிற்றுக்குள்ளேயே சூடு பிறக்கும்.

கேள்வி: கன்றுக்குட்டிக்கும் இதே கணக்கா?

இல்லை. அதற்குப் புல்லைச் செரிக்கும் இரைப்பை இன்னும் வளரவில்லை, புல்லால் சூடு கிடைக்காது. கால்கள் மறையும் அளவுக்கு உலர்ந்த வைக்கோல் போட்டு, பாலையும் கூட்டிக் கொடுங்கள். ஆனால் அதற்கும் நல்ல காற்று வேண்டும்.

கேள்வி: கோழிக்கூண்டில் வெப்ப விளக்கு?

வேண்டாம். தூசியும் வைக்கோலும் உள்ள இடத்தில் அது தீ.

கேள்வி: ஜெனரேட்டரை வீட்டு ப்ளக்கில் சொருகினால் எல்லா அறைக்கும் கரண்ட் வருமாமே?

மறுபடியும் ஜெனரேட்டர். சொருகவே சொருகாதீர்கள். உங்கள் கரண்ட் வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் கொல்லும். எலக்ட்ரீஷியனை வைத்து, வெளி லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை இணைக்கும் மாற்றுச் சுவிட்ச் பொருத்துங்கள். ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்று கேட்கப்போகிறவர்கள் முன்பு சொன்னதைப் படிக்கவும்.

கேள்வி: எத்தனை நாளுக்குத் தயாராவது?

கரண்ட் போனபின் முழுக்க நிரம்பிய ஃப்ரீசர், திறக்காவிட்டால் 48 மணி நேரம் தாங்கும். அதை வைத்து மட்டும் திட்டமிடாதீர்கள். 1998 ஜனவரி பனிமழையில் கனடாவின் கியூபெக்கில் சில இடங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் கரண்ட் வரவில்லை.

கேள்வி: கூரை விழுந்தால் இன்சூரன்ஸ் தருவார்களா?

அது என் துறை இல்லை. பாலிசியோடு முகவரைக் கேளுங்கள். இன்றே எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஐயா, தகட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம்தான். எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

நல்லது. கொட்டகையின் அகலத்தில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் உச்சியில் 5 சென்டிமீட்டர், இரு விளிம்பிலும் இரண்டரை. 9 மீட்டர் அகலமென்றால் உச்சியில் 15, விளிம்புகளில் ஏழரை. அங்கே சாக்கு அடைத்திருந்தால் புயலுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பனி படிந்த கூரையில் பிறகு ஏற முடியாது.