காவ்காவ் ஆங்கில மாதிரித்தாள்: வாசிப்பில் 42.5, கேட்டலில் 15

இரண்டு மதிப்பெண்களையும் அப்படியே ஒப்பிடாதீர்கள். காவ்காவ் என்ற சீனப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் ஆங்கில மாதிரித்தாளில் உங்கள் மாணவிக்கு வாசிப்பில் 50க்கு 42.5, கேட்டலில் 30க்கு 15. "கேட்பதில் பாதியாவது புரிகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கேட்டலின் 20 கேள்விகளுக்கும் தேர்ந்தெடுக்க மூன்று விடைகள்தான். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக 10 மதிப்பெண் வந்துவிடும். வாசிப்புப் பத்திகளுக்கோ நான்கு விடைகள், அங்கே குருட்டாம்போக்கில் கிடைப்பது குறைவு.

பெரும்பாலும் காரணம் இதுதான்: சொற்களைக் கண்ணால் கற்றிருக்கிறாள், காதால் அல்ல. தாளில் 'பிக் இட் அப்' தெரியும். பேச்சில் அது 'பிக்கிட்டப்' என்று ஓடிவிடும்.

சோதித்துப் பாருங்கள்:

1. அவள் கேட்டிராத பழைய தாள் ஒன்றை எடுத்து, உரையாடல்களில் பாதியை ஒலிக்கவிடுங்கள், மீதியை எழுத்தாகக் கொடுங்கள். ஒரே உரையாடலை இரண்டு விதமாகவும் கொடுத்தால் ஞாபகம் குறுக்கிடும்.

2. எழுத்தில் சரி, ஒலியில் தவறு என்றால் காதுதான் சிக்கல். இரண்டிலும் தவறு என்றால் பேச்சு வழக்குத் தொடர்களே பழக்கமில்லை.

அப்புறம், முதல் ஐந்து உரையாடல்கள் ஒரே முறைதான் ஒலிக்கும். பதில் குறிக்கவும் அடுத்த கேள்வியைப் படிக்கவும் சேர்த்து 10 விநாடி. மெதுவாகப் படிப்பவள் அங்கேயே தடுமாறுவாள், அதைக் கேட்கும் திறனின் குறை என்று எழுதிவிடக் கூடாது. அந்தப் பகுதிக்கு மட்டும் கேள்விகளை முன்கூட்டியே காட்டிப் பாருங்கள்.

ஒரு தாளை வைத்து முடிவுகட்ட வேண்டாம். இரண்டு கேள்வி மாறினாலே 3 மதிப்பெண் நகரும். பெய்ஜிங் மாணவி என்றால் இந்தக் கணக்கே பொருந்தாது. அங்கே கேட்டலும் பேசுதலும் கணினியில் தனித் தேர்வு, 50 மதிப்பெண்.