உப்புசத்துக்குப் புளித்த உணவு: எதை முதலில், எவ்வளவு, எப்போது?

கேள்வி: என் வயது 38. நான்கு மாதங்களுக்கு முன் பல் சிகிச்சைக்காக ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அதிலிருந்தே சாப்பிட்டு எழுந்தால் வயிறு உப்பிக்கொள்கிறது. இரண்டு நாள் மலச்சிக்கல், ஒரு நாள் இளக்கம் என்று மாறி மாறி வருகிறது. சாதாரண ரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. புளித்த உணவு குடலுக்கு நல்லது என்று படித்துவிட்டு தயிர், கெஃபிர் (புளிக்க வைத்த பால் பானம்), கொம்புச்சா (புளிக்க வைத்த தேநீர்), புளிக்க வைத்த முட்டைகோஸ் எல்லாவற்றையும் சேர்த்தே தொடங்கினேன். கூடவே பயறு வகைகளும் பச்சைக் காய்களும் நிறைய. ஒரே வாரத்தில் உப்புசம் முன்பைவிட மோசமாகிவிட்டது. இவை எனக்கு ஒத்துக்கொள்ளாதா? வீட்டில் புளிக்க வைப்பது பாதுகாப்பானதா? நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரை வாங்கலாமா?

பதில்: ஒத்துக்கொள்ளாது என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த உணவுகளில் பெரிய தவறு இல்லை. நான்கு புளித்த உணவுகளையும் அவ்வளவு நார்ச்சத்தையும் ஒரே வாரத்தில் வயிற்றுக்குள் இறக்கியதுதான் சிக்கல். எது உப்புசத்தைக் கொடுத்தது என்று இப்போது உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. முதலில் அந்தக் குழப்பத்தைப் பிரிக்க வேண்டும்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்து, புரதம், கொழுப்பில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்து உறிஞ்சப்பட்டுவிடும். நார்ச்சத்தைச் செரிக்கும் நொதிகள் நம்மிடம் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் ஒன்றான பியூட்டிரேட்தான் பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்கு முக்கியமான எரிபொருள். இந்த வேலை நடக்கும்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளியாகும். சிலருக்கு மீத்தேனும் உண்டு. ஆகவே ஓரளவு வாயு உருவாவது நோயல்ல. திடீரென்று நார்ச்சத்தைக் கூட்டினால் வாயுவும் திடீரென்று கூடும். சில வாரங்களில் குடல் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு அவகாசம் தேவை.

புளித்த உணவின் வேலை வேறு. அதிலுள்ள நுண்ணுயிர்கள் நம் குடலில் நிரந்தரமாகக் குடியேறும் என்று பலர் நினைக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இப்படி நம்பியவர் எலி மெச்னிகோஃப். நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்ற அவர், புளித்த பாலை நீண்ட ஆயுளுக்கான உணவாகப் பரிந்துரைத்தார். ஆனால் தயிரில் இருக்கும் பாக்டீரியாக்கள் குடலில் தங்கிப் பெருகுவதில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, ஏறக்குறைய அப்படித்தான் இவையும்: சாப்பிடுவதை நிறுத்தினால் கொஞ்ச நாளில் போய்விடும். அதற்காகப் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. கடந்து போகும்போதே வேலை செய்கின்றன. உதாரணமாக, தயிரிலுள்ள பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையைச் செரிக்க உதவுகின்றன. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது இதனால்தான். ஆனால் பலன் நிலைக்க வேண்டுமானால் சிறிய அளவாக இருந்தாலும் தினமும் சாப்பிட வேண்டும். ஒரு வாரம் வண்டி வண்டியாகச் சாப்பிட்டுவிட்டு விட்டுவிடுவதில் அர்த்தமில்லை.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நார்ச்சத்து மிகுந்த உணவும் இன்னொரு குழுவுக்குப் புளித்த உணவும் 10 வாரங்கள் கொடுத்தார்கள். புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின. அழற்சியோடு தொடர்புடைய 19 புரதங்கள் ரத்தத்தில் குறைந்தன. நார்ச்சத்துக் குழுவில் அந்தக் குறுகிய காலத்துக்குள் நுண்ணுயிர் வகைகள் மொத்தமாகப் பெருகவில்லை. இந்தச் செய்தியைப் படித்துத்தான் பலரும் உங்களைப் போல ஒரேயடியாகத் தொடங்குகிறார்கள். இரண்டு விஷயங்கள் அதில் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. அவர்கள் உப்புசமும் மலச்சிக்கலும் உள்ளவர்கள் அல்ல, ஆரோக்கியமானவர்கள். அப்புறம், அவர்களேகூட முதல் 4 வாரங்களில் அளவைப் படிப்படியாகத்தான் கூட்டினார்கள். நீங்கள் ஒரு வாரத்தில் செய்ததை அவர்கள் ஒரு மாதத்தில் செய்தார்கள்.

சரி, இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். அடுத்த இரண்டு வாரங்களுக்குக் கொம்புச்சா, கெஃபிர், முட்டைகோஸ் மூன்றையும் நிறுத்திவிடுங்கள். கொம்புச்சாவில் வாயுவும் சர்க்கரையும் சேர்ந்தே இருப்பதால், உப்புசம் உள்ளவருக்கு முதல் தேர்வாக நான் அதை ஒருபோதும் சொல்ல மாட்டேன். பச்சைக் காய்களுக்குப் பதில் நன்றாக வெந்த காய்கள் சாப்பிடுங்கள். பயறு வகைகளை முழுக்க விட வேண்டாம்: இரவு முழுதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்துக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரோடு போய்விடும். வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றில் ஃபிரக்டான் என்ற இன்னொரு வகை இருக்கிறது. இவற்றைச் சாப்பிட்ட நாட்களில் உப்புசம் கூடுகிறதா என்று மட்டும் கவனித்துக் குறித்து வையுங்கள். இப்போதைக்கு எதையும் ஒட்டுமொத்தமாக விலக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய, குடலில் எளிதில் புளிக்கும் சர்க்கரைகளைக் குறைக்கும் ஃபாட்மேப் உணவுமுறையில் இவற்றையெல்லாம் சில வாரங்கள் விலக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார்கள். அது தற்காலிகச் சோதனை, உணவியல் நிபுணர் ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டியது. விலக்கியதோடு நின்றுவிட்டால் நல்ல பாக்டீரியாக்களுக்கான உணவும் சேர்ந்தே குறைந்துவிடும்.

வயிறு ஓரளவு அமைதியானதும் நார்ச்சத்தை மெல்லக் கூட்டுங்கள். பெரியவர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உணவிலிருந்து பெற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிள் ஏறக்குறைய 4 கிராம். 40 கிராம் ஓட்ஸ் இன்னொரு 4 கிராம். ஒரு கோப்பை வெந்த பருப்பு 15 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நீங்கள் அந்த வாரம் எவ்வளவு ஏற்றியிருப்பீர்கள் என்று இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வாரத்துக்கு 3 முதல் 5 கிராம் கூட்டினால் போதும். ஒரே காயைத் தினமும் சாப்பிடுவதைவிட, கீரை, கிழங்கு, பழம், கொட்டை, முழுத் தானியம் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவது நல்லது. ஒவ்வொரு வகை நாரையும் வேறு வேறு பாக்டீரியா தின்கிறது.

மலச்சிக்கலும் இளக்கமும் மாறி மாறி வருவதால், உங்களுக்கு இசப்கோல் என்ற விதை உமி நார் பொருந்தும் என்று நினைக்கிறேன். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கூழாகும் தன்மை அதற்கு இருப்பதால் இறுகிய மலத்தை இளக்கும், இளகிய மலத்தைக் கெட்டியாக்கும். பாக்டீரியாக்களுக்கு எளிதில் புளிக்காது என்பதால் வாயுவும் குறைவு. ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். தண்ணீர் போதாவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும், ஆகவே அதில் சிக்கனம் வேண்டாம். வேறு மாத்திரைகள் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மூன்றாவது வாரத்தில் புளித்த உணவுக்கு வரலாம். சர்க்கரை சேர்க்காத தயிரில் தொடங்குங்கள்: இரண்டு மேசைக்கரண்டி, தினமும் ஏதாவது ஒரு வேளை உணவோடு. ஒரு வாரம் தொந்தரவு இல்லையென்றால் அரைக் கோப்பை. அதற்கடுத்த வாரம் கெஃபிர். கடைசியாகத்தான் முட்டைகோஸ், அதுவும் ஒரு மேசைக்கரண்டிதான். முட்டைகோஸ் புளிக்கும்போது அதில் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் உருவாகிறது; அது சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் சிலருக்கு நன்றாகவே உப்புசம் கொடுக்கும். உங்கள் வாரத்தைக் கெடுத்தது அதுவாகவும் இருக்கலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். புளிப்பாக இருப்பதெல்லாம் உயிருள்ள நுண்ணுயிர் கொண்டதல்ல. வினிகர் ஊற்றிய காய்கள் புளிக்கவே இல்லை. புளித்த பிறகு சூடாக்கிப் பாட்டிலில் அடைத்தவற்றில் பாக்டீரியாக்கள் இறந்திருக்கும். புளித்த மாவில் சுட்ட ரொட்டிக்கும் இதே கதைதான். இவற்றுக்குச் சுவையும் சத்தும் உண்டு, ஆனால் உயிருள்ள நுண்ணுயிர்களை எதிர்பார்த்து வாங்கக் கூடாது. அதேபோல வீட்டுத் தயிரையும் முட்டைகோஸையும் கொதிக்கும் குழம்பில் போட்டால் அந்தப் பயன் போய்விடும்.

வீட்டில் முட்டைகோஸ் புளிக்க வைப்பது முறையாகச் செய்தால் பாதுகாப்பானது. உப்பைக் கண்மதிப்பில் போடாமல் எடை போட்டுப் போடுவதுதான் அதில் முக்கியம். 1 கிலோ முட்டைகோஸுக்கு 20 கிராம் உப்பு. மெல்லிய கீற்றாக அரிந்து, உப்பைத் தூவி, கையால் அழுத்திப் பிசையுங்கள். பத்து நிமிடத்தில் விறைப்பு போய்த் துவண்டு, பாத்திரத்தின் அடியில் தண்ணீர் கட்டும். சுத்தமான கண்ணாடிச் சாடியில் காற்றுக்குமிழி இல்லாமல் இறுக்கி அடைத்து, மேலே ஒரு முழு இலையை மூடி, அதன்மேல் சிறிய கண்ணாடிக் கிண்ணம் போல எதையாவது பாரம் வையுங்கள். காய் முழுதும் உப்புநீருக்கு அடியில் இருக்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் ஓரங்களில் குமிழி ஏறும், நீர் கலங்கும், வாயு சேரும். மூடியை இறுக்கியிருந்தால் தினமும் ஒருமுறை திறந்து மூடுங்கள். வெப்பம் 18 முதல் 22 டிகிரிக்குள் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பதமாகும். அதைவிடச் சூடான இடத்தில் சீக்கிரமே புளிக்கும். சுத்தமான புளிப்பு வாசனை வந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

இது ஏன் கெடுவதில்லை? உப்பு முதலில் தேவையற்ற கிருமிகளை அடக்கி வைக்கிறது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி அமிலத்தைக் கூட்டுகின்றன. பிஹெச் அளவு (அமிலம் கூடக்கூட இந்த எண் குறையும்) 4.6க்குக் கீழே இறங்கிவிட்டால் கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் பாக்டீரியாவால் வளர முடியாது. உப்பைக் குறைத்தால் இந்தப் பாதுகாப்பு தொடக்கத்திலேயே தளர்ந்துவிடும். மேலே தட்டையாக வெள்ளைப் படலம் படிந்தால் அது பெரும்பாலும் ஈஸ்ட், வழித்து எடுத்துவிடலாம். பஞ்சு போலவோ பச்சை, கருப்பு, இளஞ்சிவப்பு நிறத்திலோ எதுவும் முளைத்தாலும், அழுகல் வாடை வந்தாலும் சாடி முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலே உள்ளதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிட வேண்டாம்.

உப்பைப் பற்றி ஒரு கணக்கு. இரண்டு மேசைக்கரண்டி புளித்த முட்டைகோஸில் சுமார் அரை கிராமுக்குச் சற்று மேல் உப்பு இருக்கும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதால், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மற்ற உணவில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து அல்லது கீமோதெரபி எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே வேண்டாம். மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளில் எம்ஏஓ தடுப்பான்கள் என்ற வகையும், லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கும் சாப்பிடுபவர்களுக்கு எச்சரிக்கை அதிகம் தேவை: புளித்த உணவிலுள்ள டைரமின் அவர்களது ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலியோ அரிப்போ வந்தால் புளித்த உணவிலுள்ள ஹிஸ்டமின் என்ற பொருள் காரணமாக இருக்கலாம். நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புரோபயாடிக் மாத்திரை இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் வயிற்றுப்போக்கைத் தடுக்கச் சில வகைகள் உதவுகின்றன. முடித்துப் பல மாதம் ஆன பிறகு நிலைமை வேறு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு அவர்களது சொந்த நுண்ணுயிர்கள் திரும்பி வரக் கூடுதல் காலம் பிடித்தது. உங்களைப் போன்ற தொந்தரவுகளுக்கு மாத்திரையை வழக்கமாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்று 2020இல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கமும் சொன்னது. அந்தக் காசுக்குப் பழமும் பருப்பும் வாங்குங்கள்.

இதே வரிசையில் ஆறு முதல் எட்டு வாரம் போய்ப் பாருங்கள். சாப்பிட்ட நேரம், உணவு, உப்புசம், மலத்தின் தன்மை நான்கையும் ஒரு நோட்டில் தினம் ஒரு வரியாக எழுதி வந்தால் எது இடைஞ்சல் என்று தானே தெரிந்துவிடும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்த எட்டு வாரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வரும் சி. டிஃபிசில் என்ற தொற்று பல வாரம் கழித்தும் தலைகாட்டும். அதற்குத் தனி மருந்து தேவை. குடும்பத்தில் குடல் புற்றுநோயோ, கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையில் சீலியாக் தெரியாது, அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. அதைச் செய்து முடிக்கும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுச் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.