நாசிக்: காலையில் கோட்டை, மாலையில் திராட்சைத் தோட்டம்

கேள்வி: நானும் மனைவியும் நண்பர் ஒருவரின் குடும்பத்துடன் நாசிக் செல்லவிருக்கிறோம். ஒயின் ஆலைகளையும் பார்க்க வேண்டும், சஹ்யாத்ரி (மேற்குத் தொடர்ச்சி) மலைக் கோட்டைகளிலும் ஏற வேண்டும். எந்த மாதம் ஏற்றது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இவ்விரண்டும் ஒரே மாதத்தில் முழு அழகோடு கிடைப்பதில்லை. சஹ்யாத்ரி பச்சைப் பசேலென்று அருவிகளோடு நிற்பது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில்; அப்போது கொடிகளில் பழம் இருக்காது. நாசிக் விவசாயிகள் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் வாக்கிலும் மழை ஓய்கிற செப்டம்பர், அக்டோபரிலும், கவாத்து செய்கிறார்கள், அதாவது கொடிகளை வெட்டிவிடுகிறார்கள். இரண்டாவது கவாத்துக்குப் பிறகு வருகிற பூவும் பிஞ்சும்தான் ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடைக்கு வருகின்றன. ஐரோப்பாவில் கொடிகள் இலையுதிர்த்து உறங்கும் அந்த மாதங்களில்தான் நாசிக்கில் லாரிகள் பழத்தோடு ஆலை வாசலில் நிற்கும்.

என்னைக் கேட்டால் பிப்ரவரியின் முதல் பாதியைச் சொல்வேன். மலை காய்ந்து பழுப்பேறியிருக்கும், அருவி இருக்காது. ஆனால் பாறை வழுக்காது, காலைக் குளிர் ஏற்றத்துக்கு உதவும், ஆலையிலும் வெறும் தொட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. மழைக்காலப் படங்களைப் பார்த்து மயங்கி ஜூலையில் போகிறவர்கள் பலர். மேகத்துக்குள் நின்று மேகத்தையே பார்த்துவிட்டு வருகிறவர்களும் அவர்களில் உண்டு.

மும்பையிலிருந்து நாசிக்குக்குச் சாலை வழியே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஒயின் ஆலைகள் பலவும் நகருக்கு மேற்கே கங்காப்பூர் அணையை ஒட்டியும், வடக்கே திண்டோரி பக்கமும் அமைந்துள்ளன. அஞ்சனேரி, பிரம்மகிரி, ஹரிஹர் ஆகிய மலைகளும் மேற்கே திரிம்பகேஸ்வர் பக்கம்தான். ஆகவே அவற்றில் ஒன்றையும் கங்காப்பூர் ஆலை ஒன்றையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். திண்டோரி ஆலைகளுக்குப் போகும் நாளில் ராம்சேஜ் கோட்டை பொருத்தமாக இருக்கும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: விடியலில் மலை, இறங்கிக் குளித்து, வயிறாரச் சாப்பிட்ட பிறகு ஆலை. நான்கைந்து வகை ஒயினைச் சுவைத்தவர் மலையேறவும் கூடாது, வண்டியை ஓட்டவும் கூடாது. வாடகைக் காரை ஓட்டுநரோடு அமர்த்திக்கொள்வது நல்லது.

கேள்வி: எனக்கு 56 வயது. ஹரிஹர் கோட்டைப் படிகளைப் படத்தில் பார்த்ததிலிருந்து ஏற வேண்டும் என்ற ஆசை. முழங்கால் கொஞ்சம் தொந்தரவு செய்யும்.
– வாசகி, திருச்சி

பதில்: ஆசையைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் படத்தில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் படிகள் ஏறத்தாழ நெட்டுக்குத்தாக நிற்கும் பாறையிலேயே செதுக்கப்பட்டவை. ஒவ்வொரு படியிலும் கை நுழைத்துப் பிடித்துக்கொள்ளக் குழி வெட்டியிருக்கிறார்கள். நூற்றாண்டுக்கணக்கில் பட்ட கைகளால் அந்தக் குழிகளின் விளிம்பு மழுங்கி வழவழப்பாகிவிட்டது. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம், ஏணியில் இறங்குவதுபோல் பாறையைப் பார்த்தபடி, கீழ்ப்படியைக் காலால் தடவிக் கண்டுபிடித்து இறங்க வேண்டும். வார இறுதியில் மேலே போகிறவரும் கீழே வருகிறவரும் அந்த ஒற்றை வழியிலேயே எதிர்ப்பட்டு நிற்பார்கள். முழங்கால் தொந்தரவு உள்ளவர் அந்த இடத்தில் காத்து நிற்பதை நான் விரும்பவில்லை.

உங்களுக்கு ராம்சேஜ் போதும். மராட்டியர்கள் ஔரங்கசீப்பின் படையைப் பல ஆண்டுகள் தடுத்து நிறுத்திய கோட்டை அது, ஏற்றமோ சிறியது. மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாயில் (1,646 மீட்டர்) செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் இருந்தாலும், ஏறி இறங்க அரை நாளுக்கு மேல் பிடிக்கும் என்பதால் அதையும் உங்களுக்குப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

கேள்வி: நான் மது அருந்துவதில்லை. ஒயின் ஆலையில் எனக்கு என்ன இருக்கிறது?
– வாசகர், மதுரை

பதில்: மற்றவர்களைவிடத் தெளிவாகப் பார்ப்பீர்கள். அறுவடைக் காலமானால், அனுமதி கேட்டு ஒரு கறுப்பு ஒயின் திராட்சையை வாங்கி விரலிடையே நசுக்கிப் பாருங்கள்: வரும் சாறு நிறமற்றுத்தான் இருக்கும். நிறமெல்லாம் தோலில். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுகிறார்கள், வெள்ளை ஒயினுக்குப் பிழிந்த சாற்றை மட்டும் குளிரூட்டிய எஃகுத் தொட்டிகளில் நொதிக்க விடுகிறார்கள். அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் புளித்த மாவும் பழுத்த பழமும் கலந்ததுபோல் ஒரு வாசனை வரும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பழத்தையும் தின்று பாருங்கள். சிறியது, தோல் தடித்தது, விதை நிறைந்தது, ஆனால் கடையில் வாங்கும் திராட்சையைவிட இனிப்பு மிகுந்தது. குழுவினர் சுவைக் கூடத்தில் அமர்ந்திருக்கும் நேரம் நீளும் என்று தோன்றினால், மறுநாள் காலை நாந்தூர் மத்மேஷ்வர் நீர்த்தேக்கத்துக்குப் போங்கள்; மகாராஷ்டிரத்தின் முதல் ராம்சர் ஈரநிலமான (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம்) அங்கே குளிர்காலம் முழுவதும் வலசைப் பறவைகள் இருக்கும்.

கேள்வி: எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலும் திராட்சைதான். ஒயின் மட்டும் ஏன் நாசிக்கில் வேரூன்றியது?
– வாசகர், தேனி

பதில்: கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் உள்ள நாசிக்கின் குளிர்கால இரவுகள் பழத்தின் புளிப்பைக் காக்கின்றன, புளிப்பில்லாத ஒயின் சப்பென்றிருக்கும். புவிசார் குறியீடு பெற்ற உங்கள் பன்னீர் திராட்சையோ ஆண்டு முழுவதும் பந்தலில் காய்த்து, பழமாகவே விலை போகிறது. நாசிக்கும் முன்பு தின்னும் திராட்சைக்கே பெயர் பெற்றிருந்தது. 1990களின் பிற்பகுதியில் ராஜீவ் சாமந்த் செனின் பிளாங்க், சோவினியோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் திராட்சை வகைகளை நட்டு சுலா ஒயின் நிறுவனத்தைத் தொடங்கினார். 2001இல் மாநில அரசு ஒயின் தொழிலுக்குச் சலுகைகள் அறிவித்ததும் மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

கேள்வி: 19 வயது மகனை அழைத்துச் செல்லலாமா?
– வாசகி, சென்னை

பதில்: தோட்டத்தையும் ஆலையையும் சுற்றிப் பார்க்கலாம். மகாராஷ்டிரத்தில் ஒயின் அருந்த 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கிறாரென்றால், திரும்பும்போது காரை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.