குவாரியில் எத்தனை மணி நேரம்?

வணக்கம் ஐயா,

சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 66 வயது. இப்போது அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். சிலி நாட்டுத் தலைநகர் சாண்டியாகோவையும் ஈஸ்டர் தீவையும் சேர்த்து 9 நாள் சுற்றுலா ஒன்று இருக்கிறது. மகள் பணம் கட்டுகிறேன் என்கிறாள். சாண்டியாகோவில் 5 இரவு, தீவில் 3 இரவு, வழிகாட்டி உண்டு. இவ்வளவு செலவு செய்து போகத் தகுமா? எனக்கு முழங்கால் வலி இருக்கிறது. மனைவி சுத்த சைவம். பொடி, ஊறுகாய் கொண்டுபோக விடுவார்களா? இன்னொன்று: தீவில் நிற்கும் பெரிய கல் சிலைகளுக்குப் பெயரே மோவாய்தானாம். தாடை நீண்டிருப்பதால் தமிழன் வைத்த பெயர், குமரிக்கண்டத்தின் எச்சம் என்று குடும்பக் குழுவில் வந்தது. அவ்வளவு பெரிய கல்லை அந்தத் தீவில் எப்படி நகர்த்தினார்கள் என்பது இன்றுவரை மர்மம்தானே? பயணத் திட்டத்தை இணைத்திருக்கிறேன்.

கே., சேலம்

அன்புள்ள கே.,

உங்கள் திட்டத்தாளைத் திறந்ததும் ஒரே ஒரு வரியைத்தான் தேடினேன். இருந்தது: ‘ரானோ ரராக்கு – 45 நிமிடம்’. தீவில் சிலைகளை வெட்டிய குவாரி அது. அதற்கு மேலே, ‘திராட்சைத் தோட்டம், ஒயின் சுவைத்தல் – அரை நாள்’. கல்வேலை தெரிந்த ஒருவர் அந்தத் தீவுக்குப் போனால் எங்கே நிற்க வேண்டும் என்று சில நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, 31 வருடம் கல்லோடு கிடந்த ஒருவர் எழுதுகிறார். அதுவும் எப்படி? ‘மர்மம்தானே?’ என்று.

தகுமா என்ற கேள்விக்குள் நான் வரவில்லை. மகள் ஆசையாகக் கொடுக்கிறாள், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மோவாயை முதலில் முடித்துவிடுவோம். நம்மிடம் முகவாய் தேய்ந்து மோவாய் ஆனது. தீவுக்காரர்களுக்கு மோஆய் என்றால் சிலை. அவ்வளவுதான். ஒரு சொல் ஒத்து ஒலித்துவிட்டால் சொந்தம் ஆகிவிடாது. சொந்தம் என்றால் வரிசையாக ஒத்துவர வேண்டும். மலேசியாவில் உறவுக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஐந்துக்கு மலாயில் ‘லீமா’. ஹவாயில் ‘லிமா’. நியூசிலாந்து மாவோரியில் ‘ரிமா’, தீவிலும் ‘ரிமா’. இரண்டுக்கு மலாயில் ‘டுவா’, ஹவாயில் ‘லுவா’, மாவோரியிலும் தீவிலும் ‘ருவா’. ல எங்கே ர ஆகிறது என்பதில்கூட ஒழுங்கு இருக்கிறது. கி.பி. 1200 வாக்கில் மேற்கே பாலினீசியத் தீவுகளிலிருந்து படகில் வந்து குடியேறியவர்கள் தீவுக்காரர்கள். தீவும் எந்தக் கண்டத்திலிருந்தும் பிய்ந்ததல்ல, கடலடியிலிருந்து எரிமலையாக எழும்பியது. பூமி உருண்டையில் அதற்கு நேர் மறுபுறம் எது தெரியுமா? நம் ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம். இந்தியாவிலிருந்து அதைவிடத் தூரமாகப் போக இடமில்லை.

இதை வெறும் சொல்லாராய்ச்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1862–63இல் பெருவிலிருந்து ஆள்பிடிக்க வந்த கப்பல்கள் அந்தத் தீவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போயின. திரும்பி வந்த சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877இல் தீவில் மிஞ்சியவர்கள் 111 பேர். உங்களைக் கூட்டிக்கொண்டு போகப் போகிற வழிகாட்டி அவர்கள் வழியில் வந்த பிள்ளையாக இருக்கலாம். அவரிடம் போய் ‘உங்க தாத்தா செஞ்சது இல்லீங்க, எங்க தாத்தா செஞ்சது’ என்று சொல்வீர்களா? உங்கள் சேர்வராயன் மலைக் கோயிலைப் பார்த்து ஒருவன் அப்படிச் சொன்னால் பொறுத்துக்கொள்வீர்களா?

ஊர்ப் பெயரையும் ராப்பா நுய் என்றே சொல்லிப் பழகுங்கள். ஈஸ்டர் என்பது 1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று அங்கே வந்து சேர்ந்த டச்சுக்காரர் ரோகவேன் வைத்தது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் விழுங்கும் ராப்பாமைசின் மருந்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இந்த ராப்பாதான். 1964இல் தீவிலிருந்து எடுத்துப்போன மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது அது.

இனி மர்மம்.

ரானோ ரராக்கு என்பது அணைந்த எரிமலை ஒன்றின் வாய். எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லானது அங்கே கிடக்கிறது. மேல்தோல் முரடு, உள்ளே மென்மை. தீவில் கணக்கில் வந்த சிலைகள் 900க்குக் கொஞ்சம் குறைவு. அவற்றில் 400 அளவுக்கு இன்னும் அந்தக் குவாரியிலேயே இருக்கின்றன. வேலை எந்தக் கட்டத்தில் நின்றதோ அந்தக் கட்டத்திலேயே. கோடு போட்டதோடு நின்றது ஒன்று, மூக்கு வந்தது ஒன்று, முதுகு மட்டும் பாறையோடு ஒட்டிக் கிடப்பது ஒன்று. கடற்கரை மேடைகளில் நிற்கும் சிலையைப் பார்த்தால் முடிந்த வேலை மட்டும்தான் தெரியும். இங்கே வேலையே தெரியும்.

எப்படிச் செய்தார்கள் என்று அங்கே நின்று நீங்களே படிக்கலாம். கருவி, டோக்கி என்கிற பசால்ட் கல் வாய்ச்சி. இரும்பு கிடையாது. சிலையை மல்லாக்கப் படுத்தின வாக்கில் பாறையிலேயே செதுக்குவார்கள். முகம், மூக்கு, காது, தொப்புளுக்குக் கீழே விரல் சேர்த்த கைகள் எல்லாம் படுத்த நிலையிலேயே முடிந்துவிடும். இரண்டு பக்கமும் ஆள் இறங்கி நின்று கொத்த வாய்க்கால் மாதிரி வெட்டிக்கொண்டு, பிறகு அடியில் குடைந்துகொண்டே போய், முதுகெலும்பு ஓடும் இடத்தில் மட்டும் ஒரு வரப்பு போலக் கல்லை விட்டுவைப்பார்கள். கடைசியாக அந்த வரப்பை உடைத்து, கயிறு கட்டிச் சரிவில் இறக்கி, அடிவாரத்தில் தோண்டிய குழியில் நிறுத்துவார்கள். நின்ற பிறகுதான் முதுகு வேலை. அந்தக் குழிகளில் நின்றவற்றைத்தான் மேலிருந்து சரிந்து வந்த மண் தோள் வரை மூடியிருக்கிறது. ‘தலை மட்டும் உள்ள சிலை’ என்று படத்தில் பார்ப்பதெல்லாம் இவைதான். மண்ணுக்குள் உடம்பு முழுசாக இருக்கிறது.

எங்கே கெடும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். சாம்பல் கல்லுக்குள் அங்கங்கே கெட்டியான பாறைத் துண்டுகள் புதைந்திருக்கும். மூக்கு வரவேண்டிய இடத்தில் அப்படி ஒன்று வந்து நின்றால் கல் வாய்ச்சியால் ஒன்றும் செய்ய முடியாது; அதை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறார்கள். சரிவில் இறக்கும்போது கழுத்தில் முறிந்தவை உண்டு. டெ டோக்காங்கா என்று ஒன்று, 21 மீட்டருக்கும் மேலே, பாறையிலிருந்து பிரியாமலே படுத்திருக்கிறது. மேடையேற்றி நிறுத்தியவற்றில் பெரியதே 10 மீட்டர், 80 டன் சுமார்தான். இதை எதற்குத் தொடங்கினார்கள், நகர்த்தும் எண்ணம் இருந்ததா என்று அதன் பக்கத்தில் நின்று நீங்கள் யோசிக்க வேண்டும். சுற்றுலாப் பேருந்தில் வரும் மற்ற 20 பேரைவிட உங்களுக்கு அது விளங்கும். அதற்கு 45 நிமிடமா?

நகர்த்திய கதைக்கு வாருங்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன் நிறைந்த சிலிண்டரைத் தூக்கிக்கொண்டா சமையலறைக்கு வருகிறான்? சாய்த்து, விளிம்பில் உருட்டிக்கொண்டு வருகிறான். வீட்டில் இரும்பு பீரோவை இடம் மாற்றும்போது என்ன செய்கிறோம்? ஒரு கால் முன்னே, மறு கால் முன்னே. அதேதான். தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ‘சிலைகள் நடந்து வந்தன’ என்றுதான் சொல்லிவந்தார்கள். கேட்டவர்கள்தான் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். டெர்ரி ஹன்ட், கார்ல் லிபோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 4.35 டன் மாதிரிச் சிலை ஒன்றைச் செய்து, ஹவாயில் நடத்திக் காட்டி, 2012இல் வெளியிட்டார்கள். மூன்று கயிறு: தலையிலிருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, குப்புற விழாமல் பிடிக்கப் பின்னால் ஒன்று. 18 பேர். 40 நிமிடத்தில் 100 மீட்டர்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அடிப்பாகம். பாதையோரம் விழுந்து கிடக்கும் சிலைகளின் அடி அகலமாக, முன்பக்கம் வளைந்து இருக்கும். சிலையே முன்னால் சாய்ந்த வாட்டத்தில் இருக்கும். நேராக நிற்கவே நிற்காது. மேடைக்கு வந்த பிறகு அந்த அடியைச் செதுக்கி நேராக்கியிருக்கிறார்கள். அதாவது நடப்பதற்கு ஒரு வடிவம், நிற்பதற்கு ஒரு வடிவம். இறக்கத்தில் விழுந்தவை பெரும்பாலும் குப்புற, ஏற்றத்தில் விழுந்தவை மல்லாக்க என்பதையும் ஹன்டும் லிபோவும் சாட்சியாக வைக்கிறார்கள். மரச்சட்டத்தில் படுக்கவைத்து இழுத்தார்கள் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள், சோதனையும் செய்து பார்த்திருக்கிறார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் வழக்கு நடப்பது வேறு, மர்மம் என்று கையை விரிப்பது வேறு. ‘மர்மம்’ என்கிறவன் வேலை செய்தவனின் கூலியைத் திருடுகிறான், கே. உங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கரட்டுச் சுரங்கக் குழிகளை ஆயிரம் வருடம் கழித்து ஒருவன் பார்த்து, ‘இதை மனிதன் தோண்டியிருக்க முடியாது’ என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்று கை அரித்தால், வேலையை ஒப்பிடுங்கள். சேர்வராயன் மலையில் மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. சாமிக்கல்லாக வைத்துக் கும்பிட்டும் இருக்கிறார்கள். டோக்கியைக் கையில் பிடிக்கும் விதமும் அதைப் பிடிக்கும் விதமும் உங்கள் கைக்கு ஒன்றாகத் தெரியும். இன்னொன்று, கண். குவாரியில் நிற்கும் எந்தச் சிலைக்கும் கண்குழி இராது. மேடையில் ஏற்றி நிறுத்திய பிறகுதான் கண்குழி வெட்டி, பவளத்தில் வெள்ளை விழியும், சிவப்பு எரிமலைக் கல்லிலோ கரும் எரிமலைக் கண்ணாடியிலோ கருவிழியும் பதித்தார்கள். நம் ஸ்தபதிகள் கண் திறப்பதைக் கடைசிக்கு வைப்பது போல. உடனே குடும்பக் குழுவில் போட்டுவிடாதீர்கள்! கல்லை வணங்கும் மனிதர்கள் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. அப்படி ஒரு கண் 1978இல் தீவின் அனாகேனா கடற்கரையில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. ஹங்கா ரோவா ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் திட்டத்தில் அருங்காட்சியகமே இல்லை.

ஆகவே திட்டத்தைத் திருத்தச் சொல்லுங்கள். ஒயினை வெட்டுங்கள். சாண்டியாகோ 4 இரவு, தீவு 4 இரவு. தீவை முன்னால் போட்டு, ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் சாண்டியாகோவில் 2 இரவாவது கையிருப்பு வைக்கச் சொல்லுங்கள். சாண்டியாகோவிலிருந்து தீவு ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர், சேலம்–தில்லி வான்வழித் தூரத்தைப் போல இரண்டு மடங்கு, ஐந்தரை மணி நேரப் பறத்தல். காற்றடித்து ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும். சிலி விசா போதும், தீவுக்குத் தனி விசா கிடையாது. ஆனால் நுழைவுப் படிவத்தை முன்னதாகவே இணையத்தில் நிரப்ப வேண்டும், திரும்பும் சீட்டும் பதிவுபெற்ற தங்குமிடத்தின் முன்பதிவும் காட்ட வேண்டும். விமானம் பிரேசில் வழியாக என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள், போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். இல்லாவிட்டால் தொல்லை நம் ஊரில் இறங்கும்போதுதான்.

சிலைகள் இருக்கும் தேசியப் பூங்காவைத் தீவு மக்களின் மாஉ ஹெனுவா அமைப்பு நடத்துகிறது. பெரும்பாலான இடங்களுக்கு அங்கீகாரம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி கட்டாயம். நுழைவுச் சீட்டு 10 நாள் செல்லும், ஆனால் ரானோ ரராக்குவுக்கும் ஓரோங்கோ என்ற பழைய சடங்கூருக்கும் ஒரே ஒரு முறைதான். 45 நிமிடத்தில் வெளியே வந்துவிட்டால் மறுநாள் ஆசைப்பட்டாலும் உள்ளே விடமாட்டார்கள். இதற்காகத்தான் இவ்வளவு சத்தம் போடுகிறேன். முகவரிடம் எழுதி வாங்குங்கள்: ரானோ ரராக்கு, குறைந்தது மூன்று மணி நேரம். முடிந்தால் முதலில் குவாரி, பிறகு பாதையோரச் சிலைகள், பிறகு டோங்காரிக்கி மேடை, கடைசியில் அருங்காட்சியகத்துக் கண். வேலை நடந்த வரிசையிலேயே பார்க்கலாம். டோங்காரிக்கியின் 15 சிலைகளையும் 1960 மே 22 சிலி நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை உள்நாட்டுக்குள் தள்ளிப் போட்டுவிட்டது. 1990களில் ஜப்பானிய டடானோ கிரேன் வைத்துத்தான் திரும்ப நிறுத்தினார்கள். 18 பேரையும் கயிற்றையும் கேலி செய்கிறவர்களுக்கு அந்த கிரேனைப் பற்றிச் சொல்லுங்கள்.

சாண்டியாகோவில் இரண்டே இடம் தவறவிடக் கூடாது. பிளாசா டி அர்மாஸ் பக்கத்தில் கொலம்பஸுக்கு முந்தைய கலை அருங்காட்சியகம். வடசிலிக் கடற்கரையில் வாழ்ந்த சிஞ்சோரோ மக்கள் பதப்படுத்திய, எகிப்துக்கும் முந்தைய உடல்கள் அங்கே. கின்டா நோர்மல் பூங்காவில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். 1870இல் தீவிலிருந்து கொண்டுவந்த டாவு என்ற மோஆய் அங்கேதான் இருந்தது. 2022இல் தீவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது நின்ற இடத்தையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

முழங்கால்: குவாரிப் பாதை ஏற்றிறக்கம், படி உண்டு, கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். தீவின் உச்சியே 507 மீட்டர்தான், ஏற்காட்டில் மூன்றில் ஒரு பங்கு. அதில் ஏற வேண்டாம்.

ஊறுகாயை மறக்கவில்லை. சிலியில் இறங்கும்போது வேளாண் துறைப் படிவம் ஒன்று உண்டு. பழம், விதை, தேன், பால் பொருள், செடி வகை எதுவும் இருக்கிறதா என்று கேட்கும். மூட்டையில் பொடி இருந்தாலும் ‘ஆம்’ என்றே எழுதுங்கள். எழுதிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்து மாட்டினால் அபராதம். முழு மிளகும் பச்சைக் காப்பிக்கொட்டையும் மலையிலிருந்து வாங்கிப் போகாதீர்கள். நெய்யும் வேண்டாம். தீவில் சைவம் கொஞ்சம் சிரமம், ஆனால் குமாரா கிடைக்கும். கேட்டு வாங்கி அவித்துத் தரச் சொல்லுங்கள். நம் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான் அது, வீட்டம்மாவுக்குப் பொடி இல்லாமலே இறங்கும்.